தாய்ப்பூனையைக் காப்போம்

நுழையும்முன்
வளர்க்கும் உயிருக்குப் பாலும் சோறும் இடுவது மட்டும் அன்பாகாது. அதன் உடல்நலம் பேணுவதும் நம் கடமையே. அக்கடமைகளுள் ஒன்றை இப்பாடம் விளக்குகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நெல்லும் வேர்க்கடலையும் சேமிக்கும் வீடுகளில் எலிகளை விரட்டப் பூனை வளர்ப்பது வழக்கம். ஆனால், பூனை குட்டி ஈனும்போது ஏற்படும் இடர்களைப் பலர் அறிவதில்லை.

பூனை விரைவில் பெருகும் விலங்கு. பிறந்த நான்கு முதல் ஆறு மாதங்களிலேயே பெட்டைப்பூனை சினையாகக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள் பிறக்கும். அவை பால் குடிக்கும் காலத்திலேயே தாய் மீண்டும் சினையாதலும் உண்டு.

தன் உடலே வளர்ந்து முடியாத இளம்பூனை சினையானால், குட்டிகளுக்கும் தனக்கும் ஊட்டம் போதாமல் மெலியும். குட்டி பிறப்புவழியில் சிக்கிக்கொண்டால் தாயும் சேயும் இறக்க நேரிடும். பாலூட்டும் காலத்தில் இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் நடுக்கமும் வலிப்பும் தோன்றும். அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மனிதர் உண்ணும் மாத்திரைகளைத் தருதல் கூடாது. பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும்.

பிழைத்த குட்டிகளுக்கும் துன்பம் தீர்வதில்லை. வளர்க்க இயலாதோர் அவற்றைச் சந்தையிலும் சாலையோரத்திலும் விட்டுவிடுகின்றனர். தாய்ப்பாலும் உடற்சூடும் இழந்த இளங்குட்டிகள் பசியாலும் நோயாலும் மடிகின்றன.

இவற்றைத் தடுக்கும் வழி கருத்தடை அறுவை சிகிச்சை. மருத்துவர் பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து, சினைப்பைகளையும் பெரும்பாலும் கருப்பையையும் அகற்றுவார். தையல் பகுதியைப் பூனை நக்காமல் பார்த்துக்கொண்டால், ஏறக்குறைய இரு வாரங்களில் புண் ஆறிவிடும். கருப்பையில் சீழ் கட்டும் கொடிய நோயிலிருந்து இச்சிகிச்சை காக்கிறது. ஆறு மாதத்திற்குள் செய்தால், பின்னாளில் மடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பெரிதும் குறையும். 'ஒருமுறையேனும் ஈன்றால்தான் பூனைக்கு நலம்' என்பது தவறான நம்பிக்கை. கடுவன்பூனைக்கும் கருத்தடை செய்யலாம். அதனால் அது ஊர் சுற்றுவதும் சண்டையிட்டுக் காயமுறுவதும் குறையும்.

திருப்பதியில் 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2005இல் உருவான ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேயே உள்ளது. வீட்டில் பெட்டைக்குட்டி வளர்ப்போர் அது நான்கு மாதத்தை எட்டும்போதே அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகி, தடுப்பூசி பற்றியும் கருத்தடை பற்றியும் கேட்டறிதல் நன்று. ஒருநாள் சிகிச்சை, தாய்ப்பூனையின் வாழ்நாள் துன்பத்தைத் தவிர்க்கும்.

அருஞ்சொற்பொருள்
இடர் – துன்பம்
ஈனுதல் – குட்டி போடுதல்
சினை – கரு
கடுவன் – ஆண்பூனை
மடிதல் – இறத்தல்

மரபை அறிவோம்
வெருகு என்பது காட்டுப்பூனை. அதன் இளமைப்பெயர் 'குட்டி' எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. நாயின் இளமைப்பெயரையும் பசுவின் இளமைப்பெயரையும் எழுதுக.

வினாக்கள்
1. பூனையின் சினைக்காலம் எவ்வளவு?
2. இளம்பூனை சினையாவதால் விளையும் இடர்கள் யாவை?
3. கருத்தடை சிகிச்சையின் நன்மைகள் இரண்டினை எழுதுக.
4. 'குட்டிகளைச் சாலையில் விடாதீர்' என்னும் தலைப்பில் ஐந்து வரிகள் எழுதுக.