‘‘மிச்சத்தை ஏன் வச்சிருக்கீங்க தம்பி?’’

கல்யாண வீடியோ எடுக்கிற எங்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது, ‘‘ஒரு நாளைக்கு எவ்வளவு தம்பி?’’ எடிட் செய்த வீடியோவைக் கொடுத்த பிறகு கேட்பது, ‘‘எடுத்ததுல மிச்சத்தை ஏன் வச்சிருக்கீங்க?’’

முதல் கேள்விக்கு பதில் பில்லில் இருக்கும். சண்டை வருவது இரண்டாவதில்தான்!

வி.ஹெச்.எஸ். காலத்தில் மூன்று மணி நேர கேஸட் கைக்கு வந்தால் கதை முடிந்தது. இப்போது 4கே. 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜி.பி.! இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜி.பி. டிஸ்க் படுத்துவிட்டால் தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியுமா? அதனால் இரண்டு டிஸ்க்கில் காப்பி. ஆக, அந்த ‘மிச்சம்’ சும்மா கிடக்கவில்லை சார், எங்கள் செலவில் கிடக்கிறது!

மதுரைப் பக்கம் ஒரு பெண்ணின் அப்பா. கல்யாணம் முடிந்து ஏழு மாதம் கழித்து வந்தார். ‘‘எங்கம்மா தவறிட்டாங்க தம்பி. பந்தியில சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்களே... வீடியோவுல அது இல்லையே?’’

எடிட் செய்ததில் பாட்டி நாலே செகண்ட். பழைய டிஸ்க்கில் தேடினேன். பதினோரு நிமிஷம் இருந்தது, குரலோடு. ‘‘எவ்வளவு தரணும்?’’ என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அதற்கு எந்த ரேட் கார்டில் விலை போட்டிருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருஷத்து காப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கும் படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் சொந்தக்காரர். வீடியோவும் இதில் அடக்கம். அதாவது, கேமரா என்னுடையது, தோள்வலி என்னுடையது, உரிமை உங்களுடையது!

ஆனால், வெட்டாத காட்சிகளை எத்தனை மாதம் பாதுகாக்க வேண்டும், டிஸ்க்குக்குக் காசு யார் தருவது என்றெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. அது நாம் பேசிக்கொள்ள வேண்டியது.

அட்வான்ஸ் கொடுக்கும்போதே நாலு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். எத்தனை மணி நேர வீடியோ கிடைக்கும்? வெட்டாத காட்சி வேண்டுமானால் தனியாக எவ்வளவு? எத்தனை மாதம் வைத்திருப்பார்கள்? உங்கள் வீட்டுப் பெண்ணின் முகத்தைத் தங்கள் விளம்பரத்தில் போடலாமா, கூடாதா?

சமையல்காரரிடம் எத்தனை இலை, எத்தனை கூட்டு, பொரியல் என்று எழுதி வாங்குகிறோம். சாப்பாடு அன்றைக்கே செரித்துவிடும். பேரன் பேத்தி பார்க்கப் போகிற சமாசாரத்தை மட்டும் வாய் வார்த்தையில் விடலாமா?