குளியலறைப் பம்பியும் இரண்டு வால்வுகளும்

தாங்கி உயரத்தில் இருந்தும் ஷவரில் தண்ணீர் நூல் போல விழுவதற்குக் காரணம் நமது விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது. தாங்கியின் நீர்மட்டம் ஷவருக்கு 2 மீற்றர் மேலே இருந்தால், உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் மூன்றையும் பெருக்க 20,000 பஸ்கால் வரும். வளிமண்டல அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அது போதாததால்தான் தாங்கிக்கும் ஷவருக்கும் இடையில் சிறு பம்பி ஒன்றைப் பூட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டிலும் பூட்டினோம். பூட்டிய பாஸ் வேலையைத் துப்புரவாகத்தான் செய்தார். வால்வு மட்டும் வைக்கவில்லை. சில மாதங்களில் பம்பியின் சீல் கசியத் தொடங்கியது. கழற்ற வேண்டுமென்றால் 1000 லீற்றர் தாங்கி முழுவதையும் வெறுமையாக்க வேண்டும். வாப்பா கட்டாரில். உம்மாவும் ராத்தாவும் நானும் வாளி, அண்டா, குடம் என்று இருந்ததிலெல்லாம் பிடித்தோம். மிச்சம் மணலுக்குள் போயிற்று. இரண்டு நாள் குளிப்புக்கும் வுழூவுக்கும் கிணற்றில் அள்ளினோம்.

வேறு ஊராக இருந்தால் ‘தண்ணீர்தானே’ என்று விட்டுவிடலாம். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர் நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கே பாரம் கூடியது. ஆகையால் நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உவர் சுமார் 40 அடி மேலேறக்கூடும்.

இனி வால்வுக்கு வருவோம். பம்பிக்குத் தண்ணீர் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று, ஆக இரண்டு வேண்டும். வரும் பக்கம் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது, மேல்மாடிக் குழாய்களில் நிற்கும் தண்ணீர் திரும்பி இறங்கிக் கழற்றுகிறவர் மேல் கொட்டும். இடமும் முக்கியம். முதலில் வால்வு, பிறகு யூனியன், பிறகு பம்பி. யூனியனைக் கழற்றினால் பம்பி கையோடு வரும், வால்வு குழாயோடு நின்று தண்ணீரைத் தடுக்கும். இந்த ஒழுங்கு மாறினால் வால்வு இருந்தும் பயனில்லை. சல்லடை வைப்பதானால் அதையும் வால்வுக்கும் பம்பிக்கும் நடுவில் வைத்தால், தாங்கியைத் தொடாமலே கழுவலாம்.

கேட் வால்வைவிடப் போல் வால்வையே நான் விரும்புகிறேன். கால் சுற்றில் மூடும். பிடி குழாயோடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் பூட்டு என்று பார்த்தவுடன் தெரியும். துவாரம் குழாயின் அளவுக்கே இருக்கிறதா என்று கடையில் திறந்து பாருங்கள். வரும் பக்கம் நெரிந்தால் பம்பிக்குள் அமுக்கம் குறைந்து ஆவிக்குமிழிகள் தோன்றும். அவை உடைந்து உடைந்து உள்ளே சுழலும் தட்டை அரிக்கும். கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்டால் அதுதான். ஆகவே இந்த வால்வைப் பாதி திறந்து வைத்து வேகத்தைக் குறைக்கக்கூடாது.

உப்புக்காற்றில் இரும்புப் பிடி சீக்கிரம் துருப்பிடிக்கும். குளிர்ந்த நீருக்குப் பீவீசீ நல்லது, வெயில் படாமல் இருந்தால். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்சியம் காபனேற்று வால்வுக்குள்ளும் படிந்து இறுக்கிவிடும். மாதத்துக்கொரு தடவை மூடித் திறந்தால் இறுகாது. மூடுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இரண்டும் மூடிய நிலையில் பம்பி ஓடினால் உள்ளே நிற்கும் தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறி, சீல் கருகும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, நினைவிருக்கும். அப்படியான நாளுக்கும், பம்பி திருத்தப் போயிருக்கும் நாளுக்கும் ஒரு சுற்றுவழிக் குழாய் உதவும். வரும் பக்க வால்வுக்கு முன்னே பிரிந்து, போகும் பக்க வால்வுக்குப் பின்னே சேர வேண்டும். தண்ணீர் நூலாகவாவது விழும். அதில் ஒருவழி வால்வு ஒன்று அவசியம். இல்லாவிட்டால் பம்பி தள்ளிய தண்ணீரே சுற்றி வந்து பம்பிக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அதன் மேலுள்ள அம்புக்குறி ஷவர்ப் பக்கம் பார்க்க வேண்டும்.