உசாத்துணை ஆவணமும் பயன்படுத்துவோரும்: மென்பொருட் கையேடுகள் திருத்தமுறும் வகை பற்றிய ஒரு நோக்கு

உசாத்துணை நூல் தொடக்கமுதல் இறுதிவரை வாசிக்கப்படுவதன்று. தேவை நேரும்பொழுது புரட்டிப் பார்க்கப்படுவது. அகராதியும் பஞ்சாங்கமும் இவ்வகையின. மென்பொருளுடன் வழங்கப்படும் உசாத்துணை ஆவணமும் இவ்வகையினதே. ஒரு கட்டளை யாது செய்யும், அதற்கு எவற்றை உள்ளீடாகக் கொடுத்தல் வேண்டும், பிழை நேர்ந்தால் என்ன விளையும் என்பவற்றை அது கூறுகின்றது. நம்பிக்கையுடன் நாடப்படுவதாதலின், அதிலுள்ள தவறு ஏனைய எழுத்துக்களிலுள்ள தவற்றினும் கேடு மிக்கது. இத்தகைய ஆவணத்தைத் திருத்துவதிற் பயன்படுத்துவோருக்குள்ள பங்கு யாது, அப்பங்கின் பயன் யாரைச் சேர்கின்றது என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை அறிந்தோர்க்கு இப்பிரச்சினையின் அடிப்படை புதிதன்று. அங்கு மணற்றிட்டு இடம் மாறிக்கொண்டேயிருக்கும். சென்ற ஆண்டு வரைந்த படம் இவ்வாண்டு தோணியைத் தரை தட்டச் செய்யலாம். வழி எங்குளது என்பதை நாள்தோறும் தோணி செலுத்துபவரே அறிவார். பிரித்தானியக் கடற்படையினர் 1834 இல் மாலுமிகளுக்கான அறிவித்தல்களை வெளியிடத் தொடங்கியமை, வரைந்து முடித்த படம் ஓயாது திருத்தப்பட வேண்டியது என்பதை ஏற்றுக்கொண்டமையேயாகும். மென்பொருளும் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றது. ஆவணமோ பின்தங்கி நிற்கின்றது. அன்றியும், ஆக்கியோர் தமக்குத் தெளிவானவற்றை எழுதாது விடுகின்றனர். அவ்வெற்றிடம் பயன்படுத்துவோருக்கே முதலிற் புலனாகின்றது.

இவ்வுண்மை கணினித்துறையில் முன்னரே உணரப்பட்டது. 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் வெளியிட்ட யுனிக்ஸ் கையேட்டின் முதற் பதிப்பில், அறியப்பட்ட குறைகளைக் கூறுதற்கென ஒரு தலைப்பும், பொறுப்பாளரைச் சுட்டுதற்கென மற்றொரு தலைப்பும் அமைந்திருந்தன. தன் குறையைத் தானே கூறும் கையேடு அது. எனினும், எழுதியோரும் பயன்படுத்தியோரும் அன்று பெரும்பாலும் ஒரே வட்டத்தினர். 1995 இல் ராஸ்மஸ் லேர்டோர்வ் வெளியிட்ட பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் கையேடு இன்னும் ஒருபடி சென்றது. அதன் பக்கங்களின் அடியிற் பயன்படுத்துவோர் தம் அனுபவக் குறிப்புக்களை எழுதலாயினர்.

ஆயினும், குறிப்புக்கள் குவிவதனால் மட்டும் ஆவணம் திருந்திவிடாது. காலங்கடந்த ஆலோசனையும் தவறான விளக்கமும் அவற்றோடு சேர்ந்தே குவியும். குறிப்பைச் சரிபார்த்து, தகுந்ததை மூலத்திற் சேர்த்து, சேர்த்தபின் குறிப்பை நீக்கும் பதிப்பாசிரியர் இன்றியமையாதவர். அவருக்கு உதவுவது வெறும் கண்டனமன்று. எந்தப் பதிப்பு, வாசகர் எதனைத் தேடினார், எதனை எதிர்பார்த்தார், உண்மையில் நிகழ்ந்தது யாது என்னும் நான்கு விபரங்களே ஒரு முறைப்பாட்டை அறிவாக மாற்றுகின்றன. ஒரே வினாவைப் பலர் வினவுவராயின், குறை வாசகரிடத்ததன்று, ஆவணத்திடத்தது எனக் கொள்ளல் வேண்டும்.

1932 இல் வானொலியைப் பற்றி எழுதிய பேர்டோல்ட் பிரெக்ட், அது கேட்போரைப் பேசவும் வைக்கும் சாதனமாதல் வேண்டும் என வற்புறுத்தினார். கையேட்டுக்கும் இது பொருந்தும். ஆனால் யார் பேசுகின்றனர்? மென்பொருட் கையேடுகள் பற்றிய முறைப்பாடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. ஆங்கிலமும் ஓய்வும் துணிவும் வாய்த்தோரின் இடர்ப்பாடுகளே பதிவாகின்றன. படுவான்கரையிலுள்ள பாடசாலையொன்றின் மாணவி, தமிழாக்கம் தெளிவற்றிருப்பின் தன் அறிவே குறையுடையதெனக் கருதி வாளாவிருந்துவிடுவாள். அம்மௌனத்தைத் திருப்தியெனக் கணக்கிடுவது பெருந்தவறு. அது ஏற்றத்தாழ்வின் விளைவு.

இவ்விடத்து விபுலானந்த அடிகளின் பணி நினைவுகூரத்தக்கது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவில் 1892 இற் பிறந்த அவர், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்க முயற்சிக்கு 1936 இல் அவர் தலைமை தாங்கினார். 1938 இற் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. வகுப்பறையிற் சொல்லின்றி இடர்ப்பட்டவரே சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கியமை மனங்கொள்ளத்தக்கது. எனினும், ஈழத்து மாணவர் ‘ஒட்சிசன்’ என்று கற்பதைத் தமிழக மாணவர் ‘ஆக்சிஜன்’ என்று கற்கின்றனர். ஒரு வழக்கை மட்டும் அறிந்தோர் எழுதிய தமிழ்க் கையேடு மற்றைய கரையினருக்கு அந்நியமாகும். இதனைக் கண்டறிந்து கூறக்கூடியவர் அக்கரை வாசகரே.

இனி, உடைமை பற்றிய வினா எழுகின்றது. குறையைக் கண்டு எழுதுதலும் உழைப்பே, அதற்கு ஊதியமில்லை. தனியுடைமைக் கொம்பனியொன்று அவ்வுழைப்பைப் பெற்றுத் தன் சரக்கின் மதிப்பை உயர்த்திக்கொள்ளும். முறைப்பாடு என்னவாயிற்று என்பதை எழுதியவருக்கு அறிவிக்காமலும் விடலாம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த குனூ கட்டற்ற ஆவண உரிமம், ஆவணத்தைப் பிரதி செய்யவும் திருத்தவும் திருத்தியதை மீண்டும் பரப்பவும் யாவர்க்கும் இடமளித்தது. அதன் கீழுள்ள கையேட்டில், வாசகரின் திருத்தம் பொதுவுடைமையாய் நிலைக்கின்றது. ஆயினும் உரிமை மட்டும் போதாது. ஓய்வற்றவனுக்கு அது ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே செயற்பாடு நிறுவனரீதியாக அமைதல் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் மாணவர் இடர்ப்பட்ட இடங்களைத் தமிழிலேயே பதிவுசெய்து, மொழியறிவும் தொழில்நுட்ப அறிவும் உடைய குழுக்கள் வாயிலாக உரிய திட்டங்களுக்கு அனுப்பலாம். திருத்தம் நிகழ்ந்ததும் அதனை முதலிற் கூறிய மாணவருக்குத் தெரிவித்தல் கட்டாயம். தன் சொல்லால் நூலொன்று திருந்தியதைக் கண்ட வாசகி, அதன்பின் வெறும் நுகர்வோராயிருக்கமாட்டாள். ஆவணம் செம்மையுறுவதிலும் மேலான பயன் அதுவேயாகும்.