கணினிக்கும் பெயர் உண்டு



தோட்ட அலுவலகத்தில் செக்ரோலைப் பெரிய பேரேட்டில் மையால் எழுதிய காலம் போய்விட்டது. இன்று பால் கணக்கும் குலைக் கணக்கும் கணினியில் ஏறுகின்றன. நம் பிள்ளைகளில் பலர் அந்தக் கணினிகளுக்கு முன்னால் அமர்ந்து கிராணி வேலை பார்க்கிறார்கள். சம்பள மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்பது தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வைத்துள்ள விதி. ஆறாம் நாள் காலையில், 'கணக்கு என்ற கணினியைக் காணவில்லை' என்று திரையில் ஒரு செய்தி வந்து நின்றால் என்ன செய்வது? வெளியே காத்திருப்போரிடம், "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஒரு கணினிக்கு மற்றொரு கணினியின் பெயர் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையை இன்று பார்ப்போம்.

ஓர் அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். மூன்று மேசைகளில் விண்டோஸ் கணினிகள். மூலையில் ஒரு லினக்ஸ் கணினி. கணக்குக் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ், லினக்ஸ் என்பவை கணினியை இயக்கும் இரு வேறு மென்பொருள்கள். லினக்சுக்கு உரிமக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் வகைகள் பல இருப்பதால், சிறு அலுவலகங்கள் கோப்புகளைக் காக்க அதை வைத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் மொழி வேறு. இடையே துபாஷியாக நிற்பது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ டிரிஜெல் என்பவர் 1991இல் தொடங்கிய வேலை அது.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். நம் லினக்ஸ் கணினியின் எண் 192.168.1.20 என்று கொள்வோம். மனிதருக்கு இந்த எண் மனத்தில் நிற்காது. ஆகவே 'கணக்கு' என்று பெயர் வைக்கிறோம். பெயரைக் கேட்டதும் எண்ணைச் சொல்ல யாராவது இருக்கவேண்டும் அல்லவா? உலகின் முதல் கணினி வலையமைப்புகளில் ஒன்றான ஆர்ப்பாநெட்டில், எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே பட்டியலாகக் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிலையம் எழுதிவந்தது. கணினிகள் பெருகப் பெருக அந்தப் பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் என்பவர் வகுத்த முறைதான் இன்று உலகம் முழுதும் பயன்படும் டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேடு.

நம் அலுவலகத்துக் கணினி, பெயரைக் கேட்டால் எண்ணை எங்கே தேடும்? தோட்டத்தில் ஓர் ஆளைத் தேடுவதுபோல் எண்ணிப் பாருங்கள். முதலாவது, சட்டைப்பையில் நாமே எழுதிவைத்த துண்டுச் சீட்டு. கணினியில் இதற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பு என்று பெயர். விண்டோசிலும் உண்டு, லினக்சிலும் உண்டு. இரண்டாவது, பதிவேடு வைத்திருக்கும் கிராணியைக் கேட்பது, அதுதான் டிஎன்எஸ். மூன்றாவது, பெரட்டுக்களத்தில் நின்று உரக்கக் கூப்பிடுவது. அந்தப் பெயருடையவர் அங்கே இருந்தால் "இருக்கேன்" என்பார். ஆனால் நம் குரல் அடுத்த டிவிஷன் பெரட்டுக்குக் கேட்காது.

கலப்பு அலுவலகங்களின் தொல்லை இங்கேதான் பிறக்கிறது. விண்டோஸ் கணினிகள் கூப்பிட்டுப் பழகியவை. பதிவேடே இல்லாத அலுவலகத்திலும் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பதிவேடு இல்லை என்பதையே யாரும் கவனிக்கமாட்டார்கள். லினக்ஸ் கணினிக்கோ, எங்கே முதலில் தேடுவது, எங்கே அடுத்துத் தேடுவது என்று ஒரு கோப்பில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. என்எஸ்ஸ்விட்ச் என்பது அதன் பெயர். விண்டோஸ் கூப்பிடும் பழைய முறையை அதில் நாமாகச் சேர்த்தால் ஒழிய லினக்ஸ் அதைப் பயன்படுத்தாது. பதில் சொல்வதும் அப்படியே: சாம்பாவில் என்எம்பிடி என்னும் பகுதி ஓடினால்தான் லினக்ஸ் கணினி அந்தக் கூப்பாட்டுக்கு "இருக்கேன்" என்னும்.

சரி, சம்பள நாள் கோளாறுக்கு வருவோம். விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, பிங் என்று எழுதி, இடம் விட்டு, எண்ணை எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் கம்பியையும் ரவுட்டரையும் அந்த லினக்ஸ் கணினியின் மின்சாரத்தையும் பாருங்கள். பெயரைப் பற்றிப் பிறகு பேசலாம். எண்ணுக்குப் பதில் வருகிறது, கோப்பு திறக்கவில்லை என்றால், இப்போது பிங் என்று எழுதிப் பெயரை எழுதுங்கள். பதில் வருகிறதா என்பதைக் காட்டிலும், பெயருக்கு எதிரே எந்த எண் காட்டுகிறது என்பதே முக்கியம். எண்ணே இல்லையா? அல்லது வேறு எண்ணா? இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

வேறு எண் காட்டினால் பெரும்பாலும் சீட்டுதான் குற்றவாளி. முன்பு ஒருவர் அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஓர் எண்ணை எழுதிவைத்துப் போயிருப்பார். மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் அந்தக் கணினிக்கு வேறு எண் கொடுத்திருக்கும். ஆள் வேறு வீட்டுக்குக் குடிபோனபின் பழைய வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். சீட்டைத் திருத்தும்போது ஒன்று கவனியுங்கள்: நோட்பேடில் எழுதிச் சேமித்தால் கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொள்ளக்கூடும். வால் ஒட்டிய கோப்பைக் கணினி திரும்பியும் பார்க்காது. எழுதியவர் மட்டும் எழுதிவிட்டதாக நிம்மதியாக இருப்பார்.

எண்ணே காட்டவில்லையென்றால், கணினி யாரைக் கேட்கிறது என்று பாருங்கள். ஐபிகான்ஃபிக் என்னும் கட்டளையுடன் 'ஆல்' சேர்த்துக் கொடுத்தால், டிஎன்எஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்று காட்டும். அங்கே 8.8.8.8 என்று இருக்கலாம். அது கூகுள் நிறுவனம் உலகத்தாருக்காக நடத்தும் பதிவேடு. நம் அலுவலக மூலையில் 'கணக்கு' என்று ஒரு கணினி இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? அலுவலகப் பதிவேட்டை முதலாவதாகவும் இதை இரண்டாவதாகவும் எழுதிவைத்தால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். நம் பார்வையில் இது வேண்டாத வேலை. முதலாவது பதிவேடு சற்று நேரம் பேசாமல் இருந்தால் கணினி இரண்டாவதைக் கேட்கும். அது "அப்படியொரு பெயரே இல்லை" என்று அடித்துச் சொல்லும். அந்தச் சொல்லைக் கணினி முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளும். காலையில் வேலை செய்ததும் மதியம் செய்யாததும் இப்படித்தான்.

இன்னொரு வலை, பெயரின் கடைசியில் 'லோக்கல்' என்று வைப்பது. 'கணக்கு புள்ளி லோக்கல்' என்று பதிவேட்டில் ஒழுங்காக எழுதியிருப்பார்கள், விண்டோஸ் கணினிகள் கண்டுபிடிக்கும், லினக்ஸ் கண்டுபிடிக்காது. காரணம், லோக்கல் என்று முடியும் பெயர்களை அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்கும் தனி முறைக்காக ஒதுக்கிவிட்டார்கள். பல லினக்ஸ் கணினிகள் அப்பெயரைக் கேட்டதும் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்; பதிவேட்டுப் பக்கமே போகாது. அலுவலகப் பெயர்களுக்கு வேறு முடிவு வைப்பதே நல்லது.

என்எஸ்லுக்கப் என்னும் கட்டளையைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். அது பதிவேட்டை மட்டும் கேட்கும். துண்டுச் சீட்டைப் பார்க்காது. அது சரியான எண்ணைச் சொல்லியும் பிங் தவறான எண்ணைச் சொன்னால், சீட்டில் கோளாறு இருக்கலாம். அல்லது கணினி பழைய பதிலை நினைவில் வைத்திருக்கலாம். ஐபிகான்ஃபிக் கட்டளையுடன் 'ஃபிளஷ்டிஎன்எஸ்' சேர்த்துக் கொடுத்தால் அதை மறந்துவிடும். லினக்சில் எல்லா இடத்தையும் வரிசைப்படி தேடிச் சொல்வது கெட்என்ட் என்னும் கட்டளை.

நிலையான மருந்து எது என்றால், ரவுட்டரிலேயே லினக்ஸ் கணினிக்கு என்றும் மாறாத எண்ணை ஒதுக்கிவிடுவது. பிறகு அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிறு பதிவேட்டை நிறுவி, எல்லாக் கணினிகளும் அதை மட்டுமே கேட்கும்படி செய்வது. வெளியுலகப் பெயர்களை அது வெளியே கேட்டுச் சொல்லும். அந்த லினக்ஸ் கணினியே இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும். டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறு மென்பொருள் போதும்.

அதுவரையில், பட்டணத்திலிருக்கும் தொழில்நுட்பரைத் தொலைபேசியில் கூப்பிடுமுன் மூன்று செய்திகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த மேசையில் கோளாறு, எண்ணுக்குப் பதில் வந்ததா, பெயருக்கு எந்த எண் காட்டியது. இவற்றைச் சொன்னால், அவர் வண்டியெடுத்து வரும்வரை காத்திராமல், தொலைபேசியிலேயே வேலை முடிந்துவிடக்கூடும்.