மடக்குக் கத்தியில் எந்த எஃகு?

கூர் நிற்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, அழுத்தினால் உடையக் கூடாது, வீட்டிலேயே சாணை பிடிக்க வர வேண்டும். மடக்குக் கத்தி வாங்குபவர் கேட்கும் இந்த நான்கும் ஒரே எஃகில் முழுதாகக் கிடைத்ததில்லை. எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவுதான் காலத்துக்குக் காலம் மாறியது.

பழைய அமெரிக்கக் கத்திகளில் பெரும்பாலும் 1095 போன்ற கார்பன் எஃகுதான். சுமார் 0.95 சதவீதம் கார்பன், துருவைத் தடுக்கும் குரோமியம் கிடையாது. சாதாரணக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் மடக்கி வைத்தால் கறை ஏறிவிடும்.

1964-இல் பக் நிறுவனம் கொண்டுவந்த பக் 110 மடக்குக் கத்திக்கு 440சி எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஒரு சதவீத அளவு கார்பன், 17 சதவீத அளவு குரோமியம். துருவும் பிடிக்காது, கூரும் நிற்கும். சிக்கல் மழுங்கிய பிறகுதான். வீட்டுக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலித்தவர்கள் புகார் சொன்னார்கள். தகடு வெட்டும் அச்சுகளையும் அது வேகமாகத் தின்றது. 1980களில் 425எம், 1990களில் 420எச்சி என்று நிறுவனம் மாறியது. 420எச்சியில் கார்பன் அரை சதவீதம்கூட இல்லை. எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது இறக்கம். ஆனால் வெப்பப் பத வல்லுநர் பால் போஸ் வகுத்த முறை அந்த எளிய எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் 58 வரை கொண்டுபோனது. கலவையைவிடப் பதம் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உயர்ரகக் கத்திகள் வேறு வழியில் போயின. உருகிய எஃகை வார்த்து மெல்ல ஆறவிட்டால், கடினமான கார்பைடு துகள்கள் பெரிதாகத் திரண்டு, கூர்முனை பொடிந்து உதிரக் காரணமாகும். அதையே வாயு வீச்சால் பொடியாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் துகள்கள் சிறிதாகவே நிற்கும். குரூசிபிள் நிறுவனம் இந்த முறையில், கத்திக்கென்றே 2001-இல் எஸ்30வி எஃகைக் கொண்டுவந்தது. 4 சதவீத வனேடியம் அதன் பலம், தொல்லையும் அதுவே. வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானது. வைரக்கல் இல்லாதவர் பாடு திண்டாட்டம்தான்.

2021-இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் எஃகு வந்தது. குரோமியம் 11 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் எஸ்30வியைவிடத் துருவை நன்றாகத் தாங்குகிறது. காரணம், குரோமியம் கார்பைடாகச் சிக்கிக்கொள்ளாமல் எஃகிலேயே கரைந்து நிற்பது. உறுதியும் கூடுகிறது, விலையும் கூடுகிறது.

பக் 110-இன் சாதாரண வகை இன்றும் 420எச்சியில்தான் வருகிறது. எஸ்30வி வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை.