டயாலிசிஸ்: முதல் நாளுக்கு முந்தைய ஆறு மாதம்

"உப்பு ஏறிக்கிட்டே போகுது, டயாலிசிஸுக்குத் தயாராயிக்குங்க" என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். அடுத்த மருத்துவரைத் தேடுவார்கள். அவரும் அதையே சொன்னால், கசாயம் கொடுக்கும் யாரையாவது விசாரிப்பார்கள். மூன்று நான்கு மாதம் அப்படி ஓடிவிடும். பிறகு ஒரு நள்ளிரவில் மூச்சு வாங்கும். ஆம்புலன்ஸில் தூக்கிப் போவார்கள். யாரும் எதையும் கேட்க நேரமில்லாமல், கழுத்தில் குழாய் செருகி முதல் டயாலிசிஸ் நடக்கும். அதற்குப் பின் ஊரார் சொல்வது: "டயாலிசிஸ் பண்ணித்தான் ஆள் இப்படி ஆயிட்டார்." அவரை அப்படி ஆக்கியது வீணாய்ப் போன அந்த மாதங்கள்.

தள்ளிப்போடுவதற்கும் காத்திருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கிரியாட்டினின் (பேச்சுவழக்கில் 'உப்பு') 6 என்றோ 8 என்றோ ஓர் எண்ணைத் தொட்டவுடன் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ஜி.எஃப்.ஆர்.) 10 முதல் 14 வரை இருக்கும்போதே ஒரு பிரிவினருக்குத் தொடங்கினார்கள், இன்னொரு பிரிவினரை 5 முதல் 7 வரை காத்திருக்கச் சொன்னார்கள். ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, அந்த அளவுக்கு இறங்கும் முன்பே வாந்தி, வீக்கம், சோர்வு என அறிகுறிகள் வந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருக்கலாம். அவர் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கக் கூடாது. அறிகுறி எதுவும் இல்லாதபோது "நாளைக்கே தொடங்கணும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், ஏன் நாளைக்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் கட்டுக்கடங்காமல் ஏறுவது, நுரையீரலில் நீர் கோப்பது, இதய உறையில் அழற்சி, நினைவு தடுமாறுவது ஆகியவை உண்மையான அவசரங்கள். அப்போது வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது.

"ஒருமுறை ஆரம்பிச்சா விடவே முடியாது" என்ற பயமும் பாதிதான் சரி. கண்ணாடி விரியன் கடித்தோ, எலிக்காய்ச்சல் வந்தோ, கடும் வயிற்றுப்போக்கிலோ திடீரெனச் செயலிழக்கும் சிறுநீரகம், சில வாரங்கள் டயாலிசிஸ் செய்தபின் மீண்டுவிடுவதைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கலாம். சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் சுருங்கிப்போன சிறுநீரகம் அப்படி மீளாது. அத்தகைய நோயாளிகளுக்கு டயாலிசிஸ் பழக்கமாகிவிடுவதில்லை. சிறுநீரகம் செய்துவந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி, டயாலிசிஸுக்கு முந்தைய அந்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை. முதலாவது கை. ரத்தத்தை நிமிடத்துக்கு 200, 300 மில்லி என்று வெளியே எடுத்துத் திருப்பி அனுப்ப, சாதாரண சிரை தாங்காது. அதனால் முன்கையில் தமனியையும் சிரையையும் சிறு அறுவை செய்து இணைக்கிறார்கள். இதுதான் ஃபிஸ்டுலா. 1966-இல் நியூயார்க்கில் பிரெஸ்சியா, சிமினோ ஆகியோரின் குழு இதை அறிமுகப்படுத்தியது. அறுபது ஆண்டாகியும் இதைவிடப் பாதுகாப்பான வழி வரவில்லை. ஆனால் இணைத்த மறுநாளே ஊசி போட முடியாது. அந்தச் சிரை தடித்துப் பழுக்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். சிலருக்கு முதல் முயற்சி பலிக்காமல் இரண்டாவது அறுவையும் தேவைப்படும். அதற்குள் சிகிச்சை தேவைப்பட்டால் கழுத்துக் குழாய்தான். அந்தக் குழாய் நேராக இதயத்தருகே போய் நிற்பதால், கிருமி புகுந்தால் ரத்தம் முழுவதும் பரவும். காறை எலும்புக்கடியில் குழாய் போட்டால், பின்னாளில் அந்தப் பக்கத்துச் சிரை சுருங்கி, அந்தக் கையில் ஃபிஸ்டுலா போடுவதே கெட்டுப்போகலாம்.

எனவே சிறுநீரகம் பழுதாகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே, அதிகம் பயன்படுத்தாத கையை, வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் இடக்கையை, காப்பாற்ற வேண்டும். ரத்தம் எடுப்பவரிடமும் குளுக்கோஸ் ஏற்றுபவரிடமும் "புறங்கையில் குத்துங்க, முன்கை வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஃபிஸ்டுலா போட்டபின் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி போடவோ, இறுக்கமாக வாட்ச் கட்டவோ, அதன்மேல் தலைவைத்துத் தூங்கவோ கூடாது. தினமும் தொட்டுப் பார்த்தால் ஒரு துடிப்பும் அதிர்வும் தெரியும். அது நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் நின்றது, நாளை மறுநாள் எப்படியும் டயாலிசிஸ் முறைநாள்தானே என்று இருந்துவிட்டால் இணைப்பு கைவிட்டுப் போகும்.

இரண்டாவது தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முன்பே போட்டால் உடல் நன்றாக ஏற்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு அளவு, கூடுதல் தவணைகள். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளை டயாலிசிஸ் தொடங்கும் முன்பும், பிறகு கால இடைவெளியிலும் செய்ய வேண்டும். முதல் பரிசோதனையின் அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் தொற்று வந்தால் அது எங்கே வந்தது என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் இருக்கிறதா, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தினால் அதில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேட்பதால் செவிலியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூன்றாவது, சம்மதம். படிவத்தில் கையெழுத்து போட்டதெல்லாம் சம்மதம் ஆகிவிடாது. என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்பதைப் புரியும்படி சொன்ன பிறகு கொடுப்பதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டயாலிசிஸில் அந்த வேறு வழிகள் நிஜமாகவே உண்டு. வயிற்றுச் சவ்வின் வழியாக, வீட்டிலேயே தினம் மூன்று நான்கு முறை திரவப் பையை மாற்றிச் செய்யும் டயாலிசிஸ் ஒன்று. மருத்துவமனை தொலைவில் இருக்கும் கிராமத்தவருக்கு இது வரப்பிரசாதம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இது பலரிடம் சொல்லப்படுவதே இல்லை. மாற்றுச் சிறுநீரகம் இன்னொரு வழி. மிக முதிய வயதில், இதயமும் மூளையும் சேர்ந்து தளர்ந்தவருக்கு, டயாலிசிஸ் செய்யாமல் மருந்தாலும் உணவாலும் அறிகுறிகளைத் தணித்துப் பார்த்துக்கொள்வதும் மருத்துவம் ஒப்புக்கொண்ட வழிதான். அந்த முடிவை எடுக்கும் உரிமை முதலில் நோயாளிக்கு, பிள்ளைகளுக்கு அதன் பிறகுதான்.

முதல் நாள் எப்படி இருக்கும்? பொதுவாக இரண்டு மணி நேரம்தான், ரத்த ஓட்டமும் மெதுவாகத்தான். தேங்கிய கழிவை ஒரே மூச்சில் இறக்கினால் மூளை வீங்கித் தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம் என்பதால் இந்த நிதானம். அடுத்தடுத்த முறைகளில் நேரத்தைக் கூட்டி நான்கு மணிக்குக் கொண்டுவருவார்கள். வாரம் மூன்று முறை என்பதே ஏற்கப்பட்ட அளவு. பணத்துக்காகவும் பயணத்துக்காகவும் இங்கே பலர் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிறுநீர் நன்றாகப் போகும் சிலருக்கு அது போதலாம், மற்றவர்களுக்குப் போதாது. ஒரு முறைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீரிலான திரவம் வடிகட்டியின் மறுபக்கம் ஓடுகிறது. அந்தத் தண்ணீரை எப்போது பரிசோதித்தார்கள் என்று கேட்பதும் நியாயமான கேள்விதான்.

நடுவில் தலை சுற்றினாலோ, கண் இருண்டாலோ, கெண்டைக்கால் இழுத்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே சொல்லுங்கள். "தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது நம் பெரியவர்களின் குணம். இங்கே அது ஆபத்து. கழுத்துக் குழாய் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது, அன்றே போக வேண்டும். அந்தக் குழாயில் டயாலிசிஸ் பிரிவினர் தவிர வேறு யாரும் ரத்தம் எடுக்கவோ மருந்து ஏற்றவோ விடாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு திருப்பம் உண்டு. அதுவரை புரதத்தைக் குறைக்கச் சொன்ன மருத்துவரே, டயாலிசிஸ் தொடங்கியபின் கூட்டச் சொல்வார். முட்டை, மீன் சேர்க்கலாம். பலர் பழைய பத்தியத்தையே தொடர்ந்து உடல் வற்றிப்போகிறார்கள். இளநீர், வாழைப்பழம், கீரைச் சாறு ஆகியவற்றில் பொட்டாசியம் அதிகம். வெயிலுக்கு ஒரு இளநீர் என்று அன்பாகக் கொடுப்பவரை மறுத்துவிடுங்கள். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியமே இருக்கும். ஸ்டார் ஃப்ரூட் சிறுநீரக நோயாளிக்கு நரம்பு நஞ்சு. வலி மாத்திரைகளும், பாதரசமோ ஈயமோ கலந்த மருந்துகளும் எஞ்சியிருக்கும் கொஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடும்.

பணம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. டயாலிசிஸும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் அட்டை எடுக்கலாம். இதையும் முன்பே எடுங்கள். அவசரப் பிரிவு வாசலில் நின்று வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை. தனியார் காப்பீடு வைத்திருப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியபின், மோசடி என்று நிரூபித்தாலன்றி "நோயை மறைத்தீர்கள்" என்று கூறி நிறுவனம் பணத்தை மறுக்க முடியாது. மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் கட்டணமின்றி விசாரிப்பார்.

டயாலிசிஸ் தொடங்கிய குடும்பத்தைத் தேடி இடைத்தரகர் வருவார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களின் கடன் நெருக்கடியைப் பயன்படுத்திச் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் அரசு விசாரணை வரை போனது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும் சொல்வது தெளிவு. விற்க ஏற்பாடு செய்பவருக்கு மட்டுமல்ல, பணம் கொடுத்து வாங்க முயல்பவருக்கும் ஐந்து முதல் பத்தாண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். சட்டப்படி முக்கிய வழிகள் இரண்டு: பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா பாட்டி, பேரக்குழந்தைகள் என்ற நெருங்கிய உறவினர் தானம், அல்லது மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்காக, மருத்துவமனை வழியே மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு. டயாலிசிஸ் தொடங்கிய கையோடு பதிவையும் கேளுங்கள். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பிறர் ரத்தத்துக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள், பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கும். சோகைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் இருக்கின்றன.

தவறு நடந்துவிட்டால்? கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலை மருத்துவர் தர வேண்டும். முதலில் அதை வாங்குங்கள், பிறகு சண்டை போடலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். மருத்துவமனைகள் பற்றிய புகாருக்கும் ஆலோசனைக்கும் தமிழ்நாட்டில் 104.

உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரைச் சீட்டோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "ஃபிஸ்டுலா எப்போது போட வேண்டும், டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.