முதுகில் ஒரு ‘டபக்’!

முப்பத்தாறு வயசில் ஒருத்தன் ஃபாஸ்ட் பௌலிங் போடலாமா? தாராளமாகப் போடலாம். முதல் ஓவரின் நாலாவது பந்து வரைக்கும்!

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டில் எனக்கு நடந்தது அதுதான். பந்து கையை விட்டுப் போனது. நான் குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். “என்ன மாப்ளே, பூமி பூஜையா?” என்றான் விக்கெட் கீப்பர். பும்ராவுக்கே 2023-ல் முதுகில் ஆபரேஷன் நடந்தது. நான் எம்மாத்திரம்!

வீட்டில் உடனே மாநாடு. “எதிர் வீட்டுப் பையன் கால் மொதல்ல வந்து பொறந்தவன்டா. மூணு உதை உதைச்சா சுளுக்கு ஓடிடும்” என்றாள் அம்மா. பையன் வந்தான். தொண்ணூறு கிலோ. ஐ.டி. கம்பெனி உத்தியோகம். யாரையாவது உதைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை போலிருக்கிறது. நான் ஆட்டோ பிடித்துவிட்டேன்.

போய் இறங்கியது, நண்பர் சிபாரிசு செய்த ஒரு கைரோபிராக்டிக் கிளினிக். வெயிட்டிங் ஹாலில் ஆளுக்கொரு கதை. ஷட்டில் ஆடி தோள்பட்டை பிடித்துக்கொண்ட பேங்க் கிளார்க், “நாலு சிட்டிங்தான் சார், காத்தாடி மாதிரி சுத்துது” என்று கையைச் சுற்றிக் காட்டினார். பக்கத்து ஆசாமியின் மூக்குக்கண்ணாடி மயிரிழையில் தப்பியது. நாளெல்லாம் பைக்கில் அலையும் மெடிக்கல் ரெப்புக்கு அது பன்னிரண்டாவது சிட்டிங். “வலி போச்சா?” என்றேன். “போகும் சார், ரெண்டு நாள்ல வந்துடும். அந்த ரெண்டு நாள் நிம்மதிக்குத்தான் காசு.” குரலில் கோபமே இல்லை.

என் முறை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை அந்தப் பக்கமும் இடுப்பை இந்தப் பக்கமும் திருப்பி ஒரு அழுத்து. டபக்! “எலும்பு எடத்துல உட்கார்ந்துடுச்சு” என்றார். எழுந்து நேராக நடந்தேன். சத்தியமாக வலி இல்லை. ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்ததுகூட வலிக்கவில்லை!

இந்த வைத்தியம் 1895-ல் பிறந்தது. அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில், மளிகைக்கடை வைத்திருந்து பிறகு காந்த வைத்தியரான டேனியல் டேவிட் பால்மர், காது கேளாத ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பை அழுத்தினார்; காது கேட்டதாகச் சொன்னார். காதுக்குப் போகும் நரம்பு முதுகு வழியாகப் போவதே இல்லை என்பது வேறு விஷயம். அந்த ‘டபக்’கும் எலும்பு இடம் மாறிய சத்தமில்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். அதே மூட்டு மறுபடி சத்தம் போட இருபது நிமிஷமாவது ஆகும். வேணுமானால் விரலில் சொடக்கெடுத்துப் பாருங்கள்.

மூணாம் நாள் வலி திரும்பி வந்தது. அஞ்சாம் நாள் செருப்பு மாட்டப் போனால், இடது கால் கட்டை விரலைத் தூக்க முடியவில்லை. பாதம் மரத்துக் கிடந்தது. கிளினிக்குக்கு போன் செய்தேன். “உடம்பு செட் ஆகுது சார். பத்து சிட்டிங் பேக்கேஜ் எடுத்தா டிஸ்கவுண்ட் உண்டு.”

“டிஸ்கவுண்ட் இருக்கட்டும், மொதல்ல கிளம்புங்க” என்று மனைவி எலும்பு டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி: “யூரின் ஒழுங்கா போகுதா?” நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் நிரந்தர நஷ்டம். “முதுகைத் திருப்புறதுக்கு முன்னாடி கால் பலத்தை யாராவது சோதிச்சாங்களா?”

இல்லை.

“அந்த டபக்காலதான் பிதுங்கிச்சா டாக்டர்?”

“சொல்ல முடியாது. நீங்க பந்து போட்டப்பவே பிதுங்கியிருக்கலாம்.”

மாத்திரை, நடை, பிசியோதெரபி அம்மா கற்றுத்தந்த பயிற்சிகள். எட்டு வாரத்தில் கட்டை விரல் மெல்லத் தலை தூக்கியது. அந்த எட்டு வாரமும் ராத்திரி முழித்து முழித்து அதை ஆட்டிப் பார்த்தது எனக்குத்தான் தெரியும்.

நான் பி.காம். ஆச்சே, கணக்குப் போட்டேன். சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். உழைப்பது உடம்பு, வரவு வைக்கப்படுவதோ கடைசியாகக் கை வைத்தவர் பேரில்! அன்றைக்கு அந்தப் பையன் உதைத்து, எனக்கு வெறும் பிடிப்பாக இருந்திருந்தால், இன்றைக்கு அவன் தெருவுக்கே வைத்தியன். அதற்காக கிளார்க்கைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இந்த வைத்தியத்தில் ஓரளவு பலன் உண்டு, கிட்டத்தட்ட உடற்பயிற்சி அளவுக்கு. உடற்பயிற்சிக்கு ரெண்டாயிரம் ஆகாது, அவ்வளவுதான்.

போன வாரம் சலூனில் தலை மசாஜ் முடித்து, அண்ணன் என் தாடையில் ஒரு கை, உச்சியில் ஒரு கை வைத்தார். மூளைக்குப் போகும் ரெண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பியதில் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் உண்டு.

“அண்ணே, கழுத்து வேணாம்!”

அவர் முகம் சுண்டிவிட்டது. “இருபது வருஷமா பண்றேன் சார். சரி, கையையாவது குடுங்க” என்று விரல்களை வரிசையாக இழுத்தார். ஒன்பது விரல் பேசியது. சுண்டு விரல் மட்டும் வாய் திறக்கவில்லை. அவரும் விடுவதாக இல்லை.